வைக்கோலுக்குள் ஓர் உள்ளங்கை

1

இந்தக் கதை என் இடுப்புவலியிலிருந்து பிறந்தது.

இதைவிடக் கௌரவமான ஒரு தொடக்கத்துக்கு முயன்று பார்த்தேன். முதலில் எழுதிய வரி: "சீனாவின் குய்ஜோ மலையில் மழை என்பது ஒரு..." ஒரு என்ன? இரண்டு நாள் யோசித்தும் வரவில்லை. அடுத்தது: "தன் மரத்தின் தோலைத் தானே உரித்த ஒரு பெண்ணின்..." இது சினிமா விளம்பரம். அதையும் விட்டுவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். உட்கார்ந்து உட்கார்ந்து எழுதி இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருமுனை மருந்துக் கடைக்காரர் நாடியைப் பார்த்துவிட்டு, தூஜோங் மரப்பட்டையைப் பன்றியின் சிறுநீரகத்தோடு வேகவைத்துக் குடிக்கச் சொன்னார். "எங்கிட்ட இருக்கற பட்டை சுமார்தான். லோங்தாங்குக்கு பஸ் ஏறு. ரான் சாய்யுன்னு கேளு" என்றார். தன் சரக்கைத் தானே மட்டம் சொல்லும் கடைக்காரரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? போனேன்.

சாய்யுன் வாசலில் உட்கார்ந்து ஒரு வளைந்த கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்து நான்கு வயது. குள்ளம். பட்டை வேண்டும் என்றதும் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பட்டை வேர்த்துக்கிட்டிருக்கு. அடுத்த வாரம் வாங்க."

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நாற்பது மரங்கள் நின்றன. அவற்றில் ஆகப் பெரிய மரம் மட்டும் முழங்கால் உயரத்திலிருந்து ஏணி உயரம் வரை வைக்கோலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, குளிருக்குப் பயந்த ஆள் மாதிரி நின்றது. அது என்னவென்று பார்க்க இரண்டு அடி வைத்தேன்.

"கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றாள் சாய்யுன். "அப்புறம் நடங்க."

கட்டிக்கொண்டேன். கதை அங்கேதான் என்னைப் பிடித்தது.

(எழுதட்டுமா என்று கேட்டபோது அவள் ஒரே நிபந்தனை போட்டாள்: "எழுதுங்க. ஆனா என்னைப் பாவப்பட்டவளா எழுதினா பட்டை தரமாட்டேன்." என் இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆகவே நிபந்தனையை மீறுவதாக இல்லை.)

2

கதைக்குள் போகுமுன் இந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதைக்கு அவசியமா என்றால் அவசியம். அவசியமில்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

தூஜோங் இலை ஒன்றைக் குறுக்கே கிழியுங்கள். இரண்டு துண்டாகும், ஆனால் பிரியாது. நடுவே வெள்ளி நூல்கள், சிலந்தி நூலைவிட மெல்லியவை, கீழ்த்துண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இலை, பட்டை, விதையுறை எல்லாவற்றிலும் இந்த நூல் ஓடுகிறது. அது ஒரு வகை ரப்பர். வியாபாரி பட்டையை வாங்கும்போது ஒரு துண்டை ஒடித்து இழுத்துப் பார்ப்பதெல்லாம் இந்த நூலுக்காகத்தான்.

உரித்த பட்டையை உள்பக்கமும் உள்பக்கமும் சேர வைத்து, கீழே வைக்கோல் பரப்பி, மேலே கல்லை ஏற்றி ஒரு வாரம் மூடி வைப்பார்கள். அது தன் ஈரத்திலேயே புழுங்கும். இதைத்தான் சாய்யுன் வேர்ப்பது என்றாள். வெளியே எடுக்கும்போது உள்பக்கம் கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்திருக்கும். பிறகு துண்டு போட்டு, உப்புநீர் தெளித்து, நூல் அறும்வரை வறுக்க வேண்டும். நூல் அறாவிட்டால் சத்து தண்ணீரில் இறங்காது. உப்பு எதற்கு? மருந்தைச் சிறுநீரகத்துக்கு வழிகாட்டிக் கூட்டிப்போக. இடுப்பும் முழங்காலும் சிறுநீரகத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பது இந்தப் பக்கத்து வைத்தியம். என் இடுப்பு இதை ஆட்சேபிக்கவில்லை.

கதைக்கு வேண்டிய விஷயம் இனிமேல்தான். இலை சமைத்த உணவு, மரத்தின் பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே கட்டை வழியாக ஏறுகிறது. ஆகவே எந்த மரத்தின் பட்டையையும் சுற்றிவர ஒரு வளையம் எடுத்துவிட்டால் மரம் செத்துவிடும். உடனே சாகாது. தண்ணீர் ஏறிக்கொண்டிருப்பதால் உச்சி இலைகள் வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும். அடியில் வேர் பட்டினி கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

[இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களை அது தொந்தரவு செய்யும்.]

அதனால் லோங்தாங்கில் தூஜோங்கை எப்போதும் வெட்டித்தான் உரிப்பார்கள். பதினைந்து வருடம் வளர்ப்பார்கள், சாய்ப்பார்கள், அடி முதல் நுனி வரை உரித்து எடுப்பார்கள், தீர்ந்தது.

சாய்யுன் வேறு மாதிரி சொன்னாள். நின்ற மரத்தையே முழுச் சுற்றும் உரிக்கலாம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு வழவழப்பான சவ்வு இருக்கிறது. உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் உண்டாக்குவது அதுதான். அது மரத்தோடு தங்கிவிட்டால், காயாமல் இருந்தால், யார் கையும் படாமல் இருந்தால், அதுவே புதுப் பட்டை போட்டுக்கொள்ளும். மூன்று வருடத்தில் மறுபடி உரிக்கலாம்.

வெட்டினால் ஒரு தடவை. உரித்தால் ஆயுளுக்கும்.

3

இப்போது தாவ்மிங்கை உள்ளே கொண்டுவர வேண்டும். சாய்யுனின் கொழுந்தன். அவள் புருஷன் கிழக்கே ஜெஜியாங் மாகாணத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். அவருடைய தம்பி லுவோ தாவ்மிங் இங்கே ஊர்க்குழுத் தலைவர். (அவன் அவளைக் கூப்பிடும் சொல்லுக்கு நேர் தமிழ் "அண்ணி". ஒரு இம்மிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.)

முதல் பிரதியில் அவனை வில்லனாக எழுதியிருந்தேன். தங்கப்பல் ஒன்றுகூட வைத்துவிட்டேன். அவனுக்குத் தங்கப்பல் கிடையாது. பல்லைப் பிடுங்கிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

மாவட்டத்திலிருந்து ஒரு திட்டம் வந்திருக்கிறது. சரிவு முழுவதும் முள்பழச் செடி போட வேண்டும். புளிக்கும், உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் ஜூஸாகக் குடிக்கிற பழம். ஒரே நிலப்பரப்பாக இருந்தால்தான் திட்டம் கிடைக்கும். தாவ்மிங் வீடு வீடாக ஏறி இறங்கி, பதினொரு குடும்பத்தைச் சம்மதிக்க வைத்திருந்தான். அந்தப் பதினொரு துண்டுகளுக்கும் நட்டநடுவில், பாயில் விழுந்த ஓட்டை மாதிரி, சாய்யுனின் நாற்பது மரங்கள்.

ஜூன் கடைசியில் ஊர்க்கூட்டம். எல்லோரும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, வெட்டி வித்துடுங்க. இருபத்தாறு வருஷ மரம், நல்ல பட்டை. அப்புறம் நிலத்துக்கு வருஷா வருஷம் குத்தகை வரும். உக்காந்து சாப்பிடலாம்."

"உக்காந்து சாப்பிட எனக்கு இடுப்புவலியா?"

"சிரிக்காதீங்க. பதினொரு வீட்டுக்காரங்க உங்களால காத்துக்கிட்டிருக்காங்க."

"வெட்டமாட்டேன், தாவ்மிங். உரிப்பேன். வருஷத்துக்கு நாலு மரமா உரிச்சா கடைசி மரத்துக்கு வர்றதுக்குள்ள மொத மரம் மறுபடி தயாரா நிக்கும். நான் சாகறவரைக்கும் தீராது."

"உரிச்சா மரம் செத்துடும், அண்ணி. இந்த ஊர்ல ரெண்டு பேரு செஞ்சு பாத்தாங்க. ரெண்டும் விறகாச்சு."

"ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"நாலு வருஷம் முன்ன நீங்க ஒரு மரத்துல அரைப்பக்கம் உரிச்சதைச் சொல்றீங்களா? அரைப்பக்கம் உரிச்சா எந்த மரமும்தான் பிழைக்கும்."

"அப்போ முழுச்சுத்து உரிக்கறேன். இருக்கறதுலயே பெரிய மரமா நீயே காட்டு. நாப்பது நாள் மூடி வைக்கணும். நாப்பதாம் நாள் பிரிப்போம். செத்திருந்தா நாப்பது மரத்தையும் நானே கோடாலி எடுத்து வெட்டறேன், நிலத்தை எழுதிக்கோ. பிழைச்சிருந்தா இந்தச் சரிவுப் பேச்சே எடுக்கக்கூடாது."

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. பக்கத்து வீட்டு பெங் லான் மட்டும், "அக்கா, கோடாலி எங்கிட்ட இருக்கு, சாணை பிடிச்சு வெக்கவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஊர்க்குழு நோட்டில் எழுதினார்கள். கீழே சாய்யுன், தாவ்மிங் இருவரும் சிவப்பு மையில் விரல் தோய்த்து ரேகை வைத்தார்கள். ஜெஜியாங்கிலிருந்து புருஷன் போனில், "தம்பிகிட்ட பந்தயமா? உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டதற்கு, "ஆமா, சாப்டீங்களா?" என்று கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

4

ஏன் மற்ற இரண்டு மரங்களும் செத்தன?

இதுதான் கதையின் திருகாணி. இதைக் கடைசிவரை ஒளித்து வைக்கலாம், அப்படித்தான் செய்வார்கள். நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்த பிறகு பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

லோங்தாங் ஆட்களுக்கு ஒரு கைப்பழக்கம். மரத்தைச் சாய்த்து உரித்து முடித்ததும், வெறுங்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார்கள். சத்தத்தை வைத்து உள்ளே கெட்டியா பொத்தலா என்று தெரியும். கெட்டி என்றால் கைப்பிடி செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். பதினைந்து வயதில் தொடங்கும் பழக்கம், கை தானாகச் செய்யும். செத்த மரத்தைத் தட்டினால் ஒன்றுமில்லை. நிற்கிற மரத்தைத் தட்டினால், கை பட்ட இடத்தில் அந்தச் சவ்வு நசுங்கி, கையின் உப்பும் அழுக்கும் ஏறிக் கருத்துப்போகும். அங்கே பட்டை வராது. அந்த இரண்டு மரங்களையும் வெயிலில் உரித்து, சுற்றிவரத் தட்டிப் பார்த்து, கூட்டம் கூடித் தடவியும் பார்த்திருக்கிறார்கள்.

சாய்யுனுக்கு எப்படித் தெரிந்தது? நாலு வருடம் முன் அவள் உரித்த அந்த அரைமரத்தில் புதுப்பட்டை வந்தது, ஒரு இடம் தவிர. அந்த இடத்தில் அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது.

ஜூலை மூன்றாம் வாரம். முந்தின நாள் மழை. அன்றைக்கு மேகம் மட்டும், காற்றில்லை. உரிக்க இதுதான் நாள். மரத்துக்குள் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும், பட்டை தானே விட்டுக்கொடுக்கும். சாய்யுன் முழங்கால் உயரத்தில் கத்தியால் சுற்றிவர ஒரு கோடு போட்டாள். ஏணியில் ஏறி மேலே ஒரு கோடு. பிறகு மேலிருந்து கீழே நேராக ஒரு கோடு. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கட்டையைத் தொட்டால் தொலைந்தது. ஆழத்தை அவள் காதால் கண்டுபிடிக்கிறாள். பட்டையில் கத்தி 'சர்' என்று போகும், கட்டையைத் தொட்டால் 'கிர்' என்னும். 'கிர்' கேட்கவே இல்லை.

பிறகு இரும்பை வைத்துவிட்டு மூங்கில் சிம்பை எடுத்தாள். நேர்க்கோட்டில் நுழைத்து நெம்பினாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் பெங் லான், பட்டையின் வெளிப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி எதிரெதிராக நடந்தார்கள். நனைந்த சட்டையைக் கழற்றுகிற மாதிரி பட்டை ஒரே துண்டாக வந்தது.

உள்ளே மரம் எப்படி இருந்தது என்று எழுதுவதற்கு நாலு உவமை முயன்றேன். இளநீர் வழுக்கை. வேறு சொல் வேண்டாம். லோங்தாங்கில் யாரும் இளநீரைக் கண்ணால் கண்டதில்லை. நீங்கள் கண்டிருக்கிறீர்கள். அந்த வெண்மை, அந்த வழவழப்பு, விரல் நகம் பட்டால் குழிவிழும் அந்த மென்மை.

"எல்லாரும் கையைப் பின்னால கட்டுங்க" என்றாள் சாய்யுன். வேடிக்கை பார்க்க வந்த எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கட்டிக்கொண்டார்கள். அவள் பிளாஸ்டிக் தாளை எடுக்கத் திரும்பினாள்.

தாவ்மிங் அப்போதுதான் வந்துசேர்ந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மரத்தருகே போனான். அண்ணாந்து பார்த்தான். வலது கை எழுந்தது.

ஒரு தட்டு.

5

எல்லோருக்கும் கேட்டது. ஈரத் துணியில் அறைந்த மாதிரி சத்தம்.

சாய்யுன் திரும்பினாள். மரத்தில், நெஞ்சு உயரத்தில், ஒரு கை. பளபளப்பு நடுவே ஐந்து விரலும் உள்ளங்கையும் மங்கலாக.

அவள் கத்தவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாரு. உன் கையில எம் மரம் ஒட்டியிருக்கு."

"அண்ணி... நான்... சத்தியமா நான்..."

"போய்க் கழுவு."

[இங்கே நான் மூன்று நாள் நின்றுவிட்டேன்.]

அவன் வேண்டுமென்றே செய்தானா? ஒரு பிரதியில் ஆமாம் என்று எழுதினேன். அந்தத் தாவ்மிங்குக்குப் பதினொரு வீட்டுக்காரர்களின் கையெழுத்து இருந்தது; ஒரு தட்டில் காரியம் முடிகிறது. அவன் நடையைக்கூட மாற்றினேன், மெதுவாக, கண் சாய்யுன் மேல் வைத்தபடி. இன்னொரு பிரதியில் பழக்கம். பதினாறு வயதிலிருந்து உரித்தவன். அழகாக உரித்த ஒரு கட்டையைப் பார்த்ததும் கை தானே போய்விட்டது. அந்தப் பிரதியில் அவன் முகத்தில் தட்டும் நேரத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. மூன்றாவது பிரதியில் இரண்டும். கை பழக்கத்தில் எழுந்தது, மனசு பார்த்தது, தடுக்கவில்லை. மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவன் அப்படிச் செய்ததற்கு ஆதாரமில்லை.

சாய்யுனிடமே கேட்டேன். அவள் பட்டையைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவன் கை எனக்குத் தெரியும். மனசு எனக்கெதுக்கு?"

அவள் கணக்கு வேறு. மரத்தின் சுற்றளவு நாலரைச் சாண். உள்ளங்கை அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு போனாலும் மீதி ஒன்பது பங்கு பிழைத்தால் இலைக்கும் வேருக்கும் பாதை திறந்திருக்கும். கை பட்ட இடத்தின் அழுகல் பக்கவாட்டில் பரவாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூங்கில் சிம்புகளை மேலும் கீழும் செருகி, தாள் மரத்தின் சதையில் படாதபடி பிளாஸ்டிக்கைச் சுற்றினாள். அதற்கு மேல் வெயிலுக்கு வைக்கோல். மூன்று இடத்தில் கயிறு. முடிச்சு மூன்றும் அவள் போட்டவை.

6

குய்ஜோவில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தால் ஜனங்கள் போர்வையெல்லாம் எடுத்துக் காயப்போட்டுக் கொண்டாடுவார்கள். இந்த ஆகஸ்டில் ஒன்பது நாள் அடித்தது.

சாய்யுன் பெரணி இலைகளை வெட்டி வைக்கோலுக்கு மேல் இன்னொரு அடுக்குக் கட்டினாள். மதியம் ஆனதும் ஒரு கிண்ணம் காரமான நூடுல்ஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்துவிடுவாள். சாய்ந்துகொள்ளமாட்டாள். மரத்துக்கும் தனக்கும் ஒரு முழம் இடம் விட்டு உட்காருவாள்.

பதினெட்டாம் நாள் பழுத்த இலைகள் விழுந்தன. பெங் லான் பொறுக்கி எண்ணினாள்.

"அக்கா, பதினேழு."

"ஆகஸ்ட்ல உனக்கு முடி கொட்டறதில்லையா?"

"கொட்டுது. ஆனா என்னை யாரும் உரிக்கலையே."

ஒன்றை எடுத்துக் கிழித்துப் பார்த்தார்கள். வெள்ளி நூல் பிடித்துக்கொண்டிருந்தது. "பாருங்க, உயிர் இருக்கு!" என்றாள் பெங் லான். முதலில் நானும் இதை ஒரு நல்ல இடமாக எழுதி, நூலில் தொங்கும் இலையோடு பகுதியை முடித்திருந்தேன். பொய். செத்த இலையிலும் நூல் இருக்கும். பழுத்த இலையும் ஆதாரமில்லை, உச்சியின் பச்சையும் ஆதாரமில்லை. நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்த வாக்கியம்.

ஆதாரம் வைக்கோலுக்குள் மட்டும்தான் இருந்தது. வைக்கோலைப் பிரித்தால், அந்த வெயிலில், அந்தக் காற்றில், தாள் கனத்துக்கு வந்திருக்கும் இளந்தோல் காய்ந்து வெடித்துவிடும். பிழைத்திருக்கிறதா என்று பார்ப்பதே அதைக் கொன்றுவிடும்.

7

இருபத்தொன்பதாம் நாள் காலை பொக்லைன் வந்தது.

[நானும் அங்கே இருந்தேன். பட்டை காய்ந்துவிட்டதா என்று கேட்கப் போயிருந்தேன். என்னை இந்தக் காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை.]

பொக்லைனுக்கு முன்னால் தாவ்மிங். அவனுக்குப் பக்கத்தில் குடையும் வெள்ளைச் செருப்புமாகத் திட்ட அலுவலகப் பெண், வெய் என்று பெயர், இருபத்தாறு வயதிருக்கும். மரியாதையாகப் பேசினாள்.

"அக்கா, இந்த மாசக் கடைசிக்குள்ள நிலம் தயார்னு ரிப்போர்ட் போகணும். மரம் பிழைச்சிருக்குன்னா நான் உங்க பக்கம் எழுதறேன். எனக்கு ஒரே ஒரு போட்டோ போதும்."

"இன்னும் பதினோரு நாள் இருக்கும்மா."

"ஒரு ஓரமாப் பிரிச்சா போதும். ரெண்டு செகண்ட்."

"உன் பாப்பா வயித்துல இருக்கறப்போ, நல்லா இருக்கான்னு ஓரமாக் கிழிச்சுப் பாப்பியா?"

வெய் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "இதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதுக்கா."

"எழுதாதே. நாப்பதாம் நாள் வா."

"நாப்பதாம் நாள் வண்டி கிடைக்காது. இன்னைக்கு வந்திருக்கு. பாக்க முடியலைன்னா, மரம் செத்துடுச்சுன்னுதான் நான் எடுத்துக்கணும்."

பொக்லைன் ஓட்டுநர் இன்ஜினை அணைக்காமல் சிகரெட் பற்றவைத்தார். சரிவு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. பதினொரு வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

இங்கே இரண்டு வழிதான். பிரித்தால் மரம் போகும். பிரிக்காவிட்டால் சரிவே போகும். அறிவுள்ள எந்தப் பெண்ணும்... இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அறிவுள்ளவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல அந்தச் சரிவில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள்.

தாவ்மிங் முன்னால் வந்தான். "அண்ணி, நான் பிரிக்கறேன். நடுக் கயிறு மட்டும். நிழல் விழற பக்கமா. பச்சையா இருந்தா இந்த வண்டியை நானே திருப்பி அனுப்பறேன், சத்தியம்." கயிற்றை நோக்கிக் கை போயிற்று. அதே கை.

சாய்யுன் வழி மறிக்கவில்லை. ஒதுங்கி நின்றாள்.

"பிரி."

அவன் நின்றான்.

"பிரி, தாவ்மிங். ஆனா அதுக்கு முன்ன உன் வலது கையை அந்தப் பொண்ணுகிட்டக் காட்டு. நல்லா ஒரு போட்டோ எடுத்துக்கட்டும். உள்ள ஒரு கை இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அவ ரிப்போர்ட்ல போடட்டும்."

வெய்க்குப் புரியவில்லை. "என்ன கை?"

உரித்த நாளில் வந்திருந்த எட்டுப் பேரும் அங்கே இருந்தார்கள். எட்டுப் பேரும் அவன் கையைப் பார்த்தார்கள்.

"உன்னோட ரேகை ரெண்டு இடத்துல இருக்கு" என்றாள் சாய்யுன். குரலை உயர்த்தவில்லை; இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கும் அளவுக்குத்தான். "ஒண்ணு நோட்டுல, நாப்பது நாள்னு எழுதின இடத்துக்குக் கீழ. இன்னொண்ணு எம் மரத்துல. ரெண்டுல எது உன்னுதுன்னு நீயே சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

தாவ்மிங் வெகுநேரம் கயிற்றைப் பார்த்தான். பெங் லான் இதைப் பிறகு நடித்துக் காட்டுகையில் 'வெகுநேர'த்தை ஒரு நிமிஷம் ஆக்குகிறாள். நான் எண்ணியவரை ஒன்பது மூச்சு.

பிறகு அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வெய் அம்மா" என்றான். "நாப்பது நாள்னு ரேகை வெச்சவன் நான். ஊர்க்குழு முத்திரை இருக்கு. அதைப் போட்டோ எடுத்துக்குங்க. வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

"ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்?"

"பாக்க முடியலைன்னு எழுதுங்க."

"செத்துடுச்சுன்னா?"

"அதான் சொன்னேனே, பாக்க முடியலைன்னு."

பொக்லைன் பின்பக்கமாகவே இறங்கிப் போயிற்று. சரிவில் திரும்ப இடமில்லை. சாய்யுன் கொழுந்தனைப் பார்த்து, "நூடுல்ஸ் இருக்கு, சாப்டுவியா?" என்றாள். "காரமா?" என்றான் அவன். "இன்னைக்கு உனக்குப் பட்ட காரம் போதாதா?" என்றாள் பெங் லான். அவன் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டான், மரத்துக்கு ஒரு முழம் தள்ளி.

ஏன் திருப்பினான்? அவமானமா, ரேகை வைத்த சொல்லா, அல்லது அவனும் ஒரு பட்டைக்காரன்தான் என்பது அந்த ஒன்பது மூச்சில் அவனுக்கு நினைவு வந்ததா? ஐந்தாம் பகுதியில் கற்றுக்கொண்டேன். கேட்கவில்லை.

8

இன்று முப்பத்தாறாம் நாள். முடிவு எழுத வேண்டும்.

முடிவு, முதல் முயற்சி: நாற்பதாம் நாள் மேகம். சாய்யுன் முடிச்சுகளை அவிழ்க்கிறாள். உள்ளே இளம்பழுப்பில் பச்சை ஓடிய புதுத்தோல், நடுவே கரிய கை ஒன்று. தாவ்மிங் அதன் முன் நிற்கிறான், கையைப் பின்னால் கட்டியபடி... எழுதும்போது என் கண்ணே கலங்கிவிட்டது. அதனாலேயே சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.

இரண்டாம் முயற்சி: சுற்றிவரக் கறுப்பு. பெங் லான் வீட்டுக் கோடாலி. சாய்யுன் முதல் மரத்தில்... இல்லை. அவள் கோடாலியைத் தூக்கும் விதத்தை எழுதத் தொடங்கியதுமே, அவளைப் பாவப்பட்டவளாக்காமல் முடிக்க எனக்குத் தெரியவில்லை என்று புரிந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் முயற்சி: முப்பத்தொன்பதாம் நாள் யாரோ வந்து கயிற்றை... யார்? அந்த ஊரில் அப்படி ஒருவர் இல்லை. முடிவு வேண்டும் என்பதற்காக நான் ஒரு ஆளை உண்டாக்கப் பார்த்தேன்.

அந்த ஆள் யார் என்று பிறகு தெரிந்தது. மூன்று தடவையும் கயிற்றில் கை வைத்தது நான்தான்.

நாலு நாள் பொறுத்தால் உண்மையான முடிவே கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். நாற்பதாம் நாள் அங்கே போகவும் போகிறேன். ஆனால் அதை இங்கே எழுதமாட்டேன். செத்திருந்தால் நீங்கள் "பாவம், பிடிவாதக்காரி" என்பீர்கள். பிழைத்திருந்தால் "அவள் சொன்னது சரிதான்" என்பீர்கள். இருபத்தொன்பதாம் நாள் அந்த இன்ஜின் சத்தத்தின் முன்னால் அவள் நின்றபோது இரண்டுமே அவள் கையில் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. தெரியாமல்தான் ஒதுங்கி நின்று "பிரி" என்றாள். மரம் எப்படிப் போனாலும் அந்தச் சொல்லை ஒரு போட்டோவால் கூட்டவோ குறைக்கவோ விடமாட்டேன்.

நேற்றுப் போயிருந்தேன். என் பட்டை தயார். ஒரு துண்டை ஒடித்து, இழுத்து, நூலைக் காட்டினாள்.

"எழுதி முடிச்சாச்சா?"

"முடிவு மட்டும் இல்ல."

"யாரு கேக்கறா?"

"படிக்கறவங்க."

சாய்யுன் கத்தியை வைத்துவிட்டு, முதல் தடவையாக முகம் முழுக்கச் சிரித்தாள்.

"வரச் சொல்லுங்க. மரத்துப் பக்கமா நிக்கட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கட்டும்."

ஆகவே, வாருங்கள். இதோ மரம். வைக்கோல், பெரணி, மூன்று கயிறு, மூன்று முடிச்சு. உச்சியில் இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. அது ஆதாரமில்லை என்று உங்களுக்குத் தெரியும். நடு முடிச்சு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. அதுவும் தெரியும்.

கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.